ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அதோடு நலம் முடிந்துவிடுகிறதா?

ஓடைக்கல்:

ரத்தப் பரிசோதனை, இசிஜி, ஸ்கேன் எல்லாம் சரி. மருத்துவரும் "ஒன்றுமில்லை, போகலாம்" என்று அனுப்பிவிட்டார். ஆனால் அந்த மனிதர் காலையில் எழும்போதே களைத்திருக்கிறார். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. செய்யும் வேலையில் ஒட்டுதல் இல்லை. இவரை நலமாக இருப்பவர் என்று யாரும் சொல்லமாட்டோம். அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டால் மட்டும் "மனசை சந்தோஷமா வச்சுக்கோங்க" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை.

உடலுக்கு அப்பால் உள்ள நலத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எதை அளக்க முடியும், எதைச் செய்தால் மாறும், எங்கே தவறிப்போகும் என்று விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். செய்முறையோடு காரணமும் வேண்டும். "பாசிட்டிவாக இருங்கள்" வகைப் பதில்களைத் தவிர்த்துவிடலாம்.

நெடுவழி:

வரையறையிலிருந்து தொடங்குகிறேன், பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தில் 61 நாடுகளின் பிரதிநிதிகள் 1946 ஜூலை 22 அன்று நியூயார்க்கில் கையெழுத்திட்டார்கள். 1948 ஏப்ரல் 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாதிருப்பது மட்டும் போதாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் முழுமையாக நன்றாக இருக்க வேண்டும் என்றது அது. மனத்தையும் உறவையும் நலத்தின் கணக்கில் சேர்த்தது பெரிய காரியம். ஆனால் "முழுமை" என்று அளவுகோலை வைத்தால் அதில் தேறுகிறவர் எவருமில்லை. நீரிழிவை இருபது வருடமாகக் கட்டுக்குள் வைத்து, வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, சிரித்துப் பேசி வாழ்கிறவரும் அந்தக் கணக்குப்படி ஆயுள் முழுக்க நலமற்றவர்.

இதனால்தான் மாக்டெல்ட் ஹூபரும் சக ஆய்வாளர்களும் 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வேறொரு பார்வையை முன்வைத்தார்கள். உடலிலோ மனத்திலோ உறவிலோ சோதனை வரும்போது அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன்தான் நலம் என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் அன்றாடத்துக்கு உதவுவது இதுதான். துக்கம், கோபம், பயம் வருகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, எல்லோருக்கும் வரும். வந்தபின் பழைய நடைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகிறது, முன்பைவிட அந்த நாட்கள் நீள்கிறதா குறைகிறதா, திரும்புவதற்கு எது, யார் உதவுகிறார்கள் என்று பாருங்கள்.

ஆரோன் அன்டோனோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர் 1979-இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். மக்கள் ஏன் நோயுறுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும் சிலர் எப்படி நலமாக இருக்கிறார்கள் என்று கேட்டார். அவருக்குக் கிடைத்தவை மூன்று: நடப்பது புரிகிறது, அதைச் சமாளிக்க என்னிடமோ என்னைச் சுற்றியோ வழி இருக்கிறது, இதற்காகப் பாடுபடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஒருவர் தளர்ந்திருந்தால் இந்த மூன்றில் எது அறுந்தது என்று தேடலாம். புரியாமல் தவிப்பவருக்குத் தகவல் வேண்டும். வழியில்லாமல் தவிப்பவருக்கு ஆள், நேரம், பணம் வேண்டும். அர்த்தம் போனவருக்கு இவை இரண்டையும் எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காது. பெரும்பாலும் நாம் புரியாதவருக்கு ஆறுதலும், வழியில்லாதவருக்கு உபதேசமும் கொடுக்கிறோம். அதனால்தான் பிடிப்பதில்லை.

செங்காந்தள்:

நெடுவழி சொன்னதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "மனசுதான் காரணம்" என்று முடிவு கட்டுவதற்கு முன், மனச்சோர்வு போலவே வேஷம் போடும் உடல் கோளாறுகளை விலக்க வேண்டும். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் பல நேரம் இவை இருக்காது. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை, வைட்டமின் பி12, ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், காலைத் தலைவலி, பகலில் கட்டுப்படுத்த முடியாத தூக்கம் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கு மனநிலை தாறுமாறாகலாம். மதுவும் இந்தக் கணக்கில் வரும்.

இவை விலகியபின் அளவீடு. கோரி கீஸ் என்ற சமூகவியலாளர் 2002-இல் எழுதியது இங்கே உதவும்: மனநோய் என்பது ஒரு கோடு, மனநலம் என்பது இன்னொரு கோடு. மனநோய் எதுவும் இல்லாமலேயே வாடிக்கிடக்கலாம். நோய் இருந்தும் சிகிச்சையோடு, உறவுகளோடு, பிடிப்போடு வாழலாம். ஓடைக்கல் காட்டிய மனிதர் முதல் வகையாக இருக்கக்கூடும். அதனால் இரண்டு கோட்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நலத்தின் கோட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஹெச்ஓ-5 என்ற சிறு வினாத்தாள் போதும். கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்து ஐந்து விஷயம்: மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாகவும் தளர்வாகவும் இருந்ததா, சுறுசுறுப்பு இருந்ததா, விழித்தபோது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாடத்தில் ஈடுபாடு தரும் விஷயங்கள் நிறைந்திருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 (ஒருபோதும் இல்லை) முதல் 5 (எப்போதும்) வரை. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு வரும். 50 அல்லது அதற்குக் கீழே என்றால் மேலே பார்க்க வேண்டும். அடுத்த முறை எடுக்கும்போது 10 புள்ளிக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

நோயின் கோட்டுக்கு பிஹெச்க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் தேவலை என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றே பேச வேண்டும்.

தவறுவது எங்கே என்றால், சண்டை போட்ட மறுநாள் நிரப்புவது, தினமும் நிரப்புவது, வந்த எண்ணை நோயின் பெயராக்கிக்கொள்வது. கேள்விகள் இரண்டு வாரத்துக்கானவை, ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். எண், கதவைத் தட்டச் சொல்லுமே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

பனித்துளி:

ரொம்பத் தெளிவா இருக்கு, நன்றி. ஒரு கேள்வி. ஒருத்தருக்கு டபிள்யூஹெச்ஓ-5 எடுத்தா 40 வருது, பிஹெச்க்யூ 7 தான். டாக்டர்கிட்ட ஓடுற அளவு இல்ல. அவர் முதல்ல எதுல கை வைக்கணும்? எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தச் சொன்னா எதுவுமே நடக்காது.

செங்காந்தள்:

தூக்கத்தில். தூக்கம் கெட்டால் பொறுமை, கவனம், உணர்ச்சியைக் கையாளும் திறன் மூன்றும் ஒன்றாகச் சரியும். மற்ற எல்லா முயற்சிக்கும் வேண்டிய மூலதனம் அதுதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

தூக்கம் வராமல் புரள்பவருக்கு மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கப்படுவது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை. அதன் உயிர்நாடியான பகுதியைச் சொல்கிறேன். முதலில் ஒன்றிரண்டு வாரம் தூக்கப் பதிவு: படுத்த நேரம், தூங்கியிருக்கலாம் என்று தோன்றும் நேரம், நடுவில் விழித்திருந்த நிமிடங்கள், எழுந்த நேரம். எல்லாம் தோராயமாக. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் கவலையே தூக்கத்தைக் கெடுக்கும்.

இரவு 10-க்குப் படுத்து 7-க்கு எழுகிறார், அதாவது படுக்கையில் 9 மணி நேரம். தூங்கியது சராசரி 6 மணி நேரம். படுக்கையில் இருந்த நேரத்தில் தூங்கிய பங்கு, அதாவது தூக்கத் திறன், 67 சதவீதம். இப்போது படுக்கை நேரத்தை அந்த 6 மணி நேரத்துக்கே சுருக்க வேண்டும். எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள், காலை 6 என்று வைத்தால் படுப்பது இரவு 12. ஒரு வாரம் அப்படியே. திறன் 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே நகர்த்தலாம். வாரத்துக்கு ஒருமுறைதான் நகர்த்த வேண்டும். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது.

இதோடு இன்னொரு விதி. படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யுங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். படுக்கையிலேயே புரண்டுகொண்டு கவலைப்படுவது தொடர்ந்தால் படுக்கையைக் கண்டதும் மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும்.

முதல் வாரம் பகலில் கண் எரியும், எரிச்சல் வரும். தூக்கத்துக்கான அழுத்தம் சேர்கிறது என்று அர்த்தம், அது வேண்டியதுதான். பெரும்பாலானோர் விடுவது இந்த இடத்தில்தான்: விடுமுறையில் பத்து மணிவரை தூங்கி, மதியம் ஒரு தூக்கம் போட்டு, சேர்ந்த அழுத்தத்தைக் கரைத்துவிடுகிறார்கள். காபி, டீயில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், மாலை 5-க்குக் குடித்ததில் பாதி இரவு 10-க்கும் ரத்தத்தில் இருக்கும். மது சீக்கிரம் தூங்கவைத்துப் பின்னிரவைக் கிழித்துவிடும். காலையில் எழுந்ததும் வெளியே போய் வெளிச்சத்தில் நிற்பது உடல் கடிகாரத்தை நிலைநிறுத்த உதவும்.

இருமுனை மனக்கோளாறு (சோர்வும் அதீத எழுச்சியும் மாறிமாறி வரும் நோய்), வலிப்பு உள்ளவர்கள், கனரக வாகனமோ இயந்திரமோ இயக்குபவர்கள் இந்தச் சுருக்கலைத் தாங்களாகச் செய்யக் கூடாது. தூக்கம் குறைந்தால் முதலாமவருக்கு அதீத எழுச்சி வரலாம், இரண்டாமவருக்கு வலிப்பு வரலாம்.

வடமுனை:

செங்காந்தள் சொன்னதில் ஒரு திருத்தம் வைக்கிறேன். தூங்க முடியாதவருக்கு அது சரி. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறவர், எதிலும் நாட்டமில்லாதவர் என்றால் தொடக்கம் வேறு. அவருக்குப் பகலில்தான் கை வைக்க வேண்டும்.

மனம் சோரும்போது செய்வதைக் குறைக்கிறோம். குறைத்ததும் நிறைவு தரும் அனுபவங்களும் குறைகின்றன. அதனால் இன்னும் சோர்கிறோம். இந்தச் சுழலை உடைப்பதற்கு "செயல்தூண்டல்" என்ற முறை இருக்கிறது. 2016-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான கோப்ரா ஆய்வில், குறைந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள் இதை நடத்தியபோதும் பலன் தேர்ந்த சிகிச்சையாளர்களின் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறையவில்லை. அவ்வளவு எளிமையானது.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் மணிக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், அதில் இன்பம் 0 முதல் 10-க்குள் எவ்வளவு, "முடித்தேன்" என்ற நிறைவு எவ்வளவு. இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பது முக்கியம். பாத்திரம் கழுவுவதில் இன்பம் 1, நிறைவு 6 வரலாம். போனில் வீடியோ பார்த்தால் இன்பம் 3, நிறைவு 0. வார முடிவில் எது தூக்கியது, எது இழுத்தது என்று தாளே காட்டும்.

அடுத்த வாரத்துக்கு மூன்றே மூன்று செயலை நாள், நேரம், இடம், யாரோடு என்று எழுதித் திட்டமிடுங்கள். "நடைப்பயிற்சி செய்யணும்" என்பது திட்டமாகாது. "செவ்வாய், வியாழன் காலை 6.30, தெருமுனை வரை 10 நிமிடம்" என்பது திட்டம். முடியும் என்று தோன்றும் அளவில் பாதியை எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது இன்பத்துக்காக இருக்கட்டும். கடமைகளை மட்டுமே நிரப்பினால் பத்து நாளில் இதுவும் ஒரு சுமையாகிவிடும்.

எல்லோரும் வழுக்குவது ஒரே இடத்தில்: "மூடு வரட்டும், செய்யறேன்." இந்த முறையின் அடிப்படையே அதற்கு நேரெதிர். செயல் முதலில், மனநிலை பின்னால் வரும், சில நேரம் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். செய்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் தோல்வியென்று எழுத வேண்டாம், 0 என்று எழுதுங்கள். செய்து எண்ணைக் குறிப்பது நம் வேலை, உணர்வு வரும்போது வரும்.

கவலை சுற்றிச்சுற்றி வருபவருக்கு: மாலையில் படுக்கும் நேரத்துக்கு ஒட்டாமல் 20 நிமிடத்தைக் கவலைக்கென்று ஒதுக்குங்கள். பகலில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். அப்போது பட்டியலைப் படித்து, நாளை நான் செய்யக்கூடியது இதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நேரம் போட்டு எழுதுங்கள். மனத்தைத் தடுக்காமல் ஒத்திப்போடுவதால் இது எடுபடுகிறது. "நினைக்காதே" என்று கட்டளையிட்டால் அதுதான் அதிகம் வரும்.

கோபத்துக்குத் தலையணையைக் குத்தச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உளவியலாளர் பிராட் புஷ்மனின் 2002 ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பயிற்சி மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது, சும்மா இருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. தயவுசெய்து அந்த அறிவுரையை நிறுத்துங்கள்.

மணற்கேணி:

எல்லாரும் தனி ஆளையே பத்திப் பேசுறீங்க. உறவு எங்கே?

கலிபோர்னியாவுல அலமேடா மாவட்டத்துல 1965-ல ஏழாயிரம் பேர்கிட்ட ஆரம்பிச்ச ஆய்வை பெர்க்மனும் சைமும் 1979-ல வெளியிட்டாங்க. புகை, உடற்பயிற்சி மாதிரி விஷயங்களைக் கணக்குல எடுத்த பிறகும், உறவு குறைஞ்சவங்க ஒன்பது வருஷத்துல இறந்துபோற வாய்ப்பு கூடவே இருந்தது. 2010-ல ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 148 ஆய்வுகளை, மூணு லட்சத்துக்கும் மேல பேரை, சேர்த்துப் பார்த்தாங்க. உறவு வலுவா இருக்கறவங்க உயிரோட இருக்கற வாய்ப்பு விகிதம் 50 சதவீதம் கூட. இது உடம்புக்கு வெளியில இருக்கிற சொகுசு விஷயமில்ல.

தனியா இருக்கறதும் தனிமையில வாடறதும் வேற வேற. முதலாவதை எண்ணலாம்: போன வாரம் எத்தனை பேர்கூட அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசினார்? ரெண்டாவது, வேண்டிய நெருக்கத்துக்கும் கிடைக்கிற நெருக்கத்துக்கும் உள்ள இடைவெளி. கல்யாண வீடு மாதிரி கூட்டத்துக்கு நடுவுலயும் அது இருக்கும். அதனால ஆள் சேர்த்துவிட்டா சரியாப்போகும்னு நினைக்கிறது தப்பு. 2011-ல கிறிஸ்டோபர் மாசிங்கிற ஆய்வாளரோட குழு தனிமையைக் குறைக்கிற முயற்சிகளை ஒப்பிட்டப்போ, கூட்டம் கூட்டறது, பேசப் பழக்கறது இதையெல்லாம்விட, "என்னை யாருக்கும் பிடிக்காது", "நான் கூப்பிட்டா தொந்தரவு" மாதிரி எண்ணங்களைச் சோதிச்சுப் பார்க்கிற முறைதான் நல்லா வேலை செஞ்சது. தனிமை நீண்டா மனசு மத்தவங்க முகத்துல நிராகரிப்பையே தேட ஆரம்பிச்சிடும், அதான் காரணம்.

செய்யறதுன்னா, மூணு பேர் பேரை எழுதச் சொல்லுங்க: ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடலாம்னா யாரு, சிரிச்சுப் பேசன்னா யாரு, கை உதவின்னா யாரு. எந்த இடம் காலியா இருக்கோ அதுதான் வேலை. ஒரே பேர் மூணுலயும் வந்தா அதுவும் ஆபத்து, அந்த ஆள் தளர்ந்தா எல்லாம் போச்சு.

புது நட்புக்கு நேரம் வேணும். ஜெஃப்ரி ஹாலோட ஆய்வுப்படி, தெரிஞ்சவர் சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரம், நெருங்கின நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல சேர்ந்து கழிச்சிருக்கணும். மாசத்துக்கு ஒரு மணி நேரம் பார்த்தா 50-க்கு நாலு வருஷம் ஆகும். அதனால பெரிய சந்திப்பைவிட, ஒவ்வொரு வாரமும் அதே நாள் அதே ஆட்கள் வர்ற ஏதாவது ஒண்ணுல சேர்றதுதான் வழி. பயிற்சி வகுப்பு, குழுப்பாட்டு, தன்னார்வ வேலை, எதுவா இருந்தாலும் சரி. எட்டு வாரம் வரைக்கும் பிடிக்குதா இல்லையான்னு முடிவு பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு, இதை அதிகம் பேர் கவனிக்கிறதில்ல. ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரே பிரச்சினையைத் திரும்பத்திரும்பக் கிளறிக்கிட்டே இருந்தா நட்பு நெருங்கும், கவலையும் சேர்ந்து ஏறும். பதின்வயசுப் பெண் பிள்ளைகள்கிட்ட அமண்டா ரோஸ் இதைத் தெளிவாக் காட்டியிருக்காங்க. கேளுங்க, முழுசாக் கேளுங்க. அதே கதை மூணாவது தடவை வர்றப்போ "நாளைக்கு இதுல நாம என்ன பண்ணலாம்?"னு திருப்புங்க. இல்லன்னா எழுந்து சேர்ந்து நடங்க.

நெடுவழி:

மணற்கேணிக்கு நன்றி, அந்த வாசலைத் திறந்ததற்கு. அதன் வழியே இன்னும் ஒரு அடி போக வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. அனைவருக்கும் வேலை இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. ஆனாலும் பதவிப் படியில் கீழே இறங்க இறங்க இதயநோய் மரணம் கூடியது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கிட்ட பிறகும் அந்த இடைவெளியின் ஒரு பகுதிதான் விளங்கியது. அதன் தொடர்ச்சியான இரண்டாவது ஆய்வு, தன் வேலையின் மீது ஒருவருக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்னதும் இதுதான்: சுமை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் ஆளை அரிக்கிறது.

ஆகவே அலுவலகத்தில் மனஅழுத்தம் என்று வருபவருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு ஒப்புதல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 பணிச்சோர்வை நோயாகக் கணக்கில் எடுக்கவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றே வைத்திருக்கிறது. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்வதில் திறன் குறைந்த உணர்வு. ஆளுக்கும் வேலைக்கும் எங்கே பொருந்தவில்லை என்று தேட, ஆய்வாளர்கள் மாஸ்லாக்கும் லைட்டரும் ஆறு இடம் காட்டுகிறார்கள்: சுமை, கட்டுப்பாடு, வெகுமதியும் அங்கீகாரமும், சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள். ஆறுக்கும் 0 முதல் 10 போடச் சொல்லுங்கள். பலர் சுமை என்று நினைத்து விடுப்பு எடுக்கிறார்கள், விடுப்பு முடிந்து திரும்பிய நாலாம் நாளே பழைய நிலை. அப்படியானால் ஓய்வு போதாமல் இல்லை, மற்ற ஐந்தில் ஏதோ உடைந்திருக்கிறது. கட்டுப்பாடு 2 என்றால் மேலாளரிடம் கேட்க வேண்டியது "வேலையைக் குறையுங்கள்" என்பதைவிட "இந்த நான்கு வேலையில் எது முதலில் என்ற வரிசையை நான் வைத்துக்கொள்ளலாமா" என்பது. பின்னதற்குச் சம்மதம் கிடைப்பது எளிது, பலனும் கூடுதல். நியாயமும் விழுமியமும் உடைந்த இடத்தில் தனி ஆள் பேசி மாற்றுவது கடினம். கூட்டாகக் கேட்பது, இடம் மாறுவது, இவ்விரண்டைத்தான் யோசிக்க வேண்டும்.

பனித்துளி:

ஆன்மிகத்தை யாரும் தொடலையே. கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இது பொருந்துமா? தியானம் எல்லாருக்கும் நல்லதுதானே?

கருங்குயில்:

1984-இல் உலக சுகாதாரப் பேரவையே நலத்தின் ஆன்மிகப் பரிமாணத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் சாசனத்தின் வரையறையில் அது சேர்க்கப்படவில்லை. நம்பிக்கை இருப்பவருக்கு வழிபாடு, இல்லாதவருக்குக் கலை, இயற்கை, அறிவியல், பொதுப்பணி. வடிவம் எதுவானாலும் தன்னைவிடப் பெரிய ஒன்றோடு பிணைப்பும், எதற்காக வாழ்கிறோம் என்ற திசையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு நேரடியான பயிற்சி உண்டு. குடும்பம், வேலை, நட்பு, கற்றல், சமூகம், உடல் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றிலும் "எப்படிப்பட்ட ஆளாக இருக்க விரும்புகிறேன்" என்று ஒரு வரி. பக்கத்தில் இரண்டு எண்: எவ்வளவு முக்கியம், போன வாரம் அதன்படி எவ்வளவு நடந்தேன். வித்தியாசம் பெரிதாக உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் பத்து நிமிடத்தில் முடியும் ஒரு செயல். வீடு வாங்குவது அடைந்தால் முடிந்துபோகும் இலக்கு. பரிவுள்ள தகப்பனாக இருப்பது முடியவே முடியாது, அதனால் தினமும் கைக்கு எட்டும். இலக்கை மட்டும் எழுதினால் இந்தப் பயிற்சி இன்னொரு வேலைப் பட்டியலாகிவிடும்.

ஆன்மிகம் எப்போதும் நன்மையே என்பதும் சரியில்லை. "இந்த நோய் எனக்குத் தண்டனை, கடவுள் கைவிட்டுவிட்டார்" என்ற போராட்டத்தில் இருப்பவர்களின் நிலை மோசமாகிறது என்று உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டின் ஆய்வுகள் காட்டின. அவரிடம் "நம்புங்கள்" என்று அழுத்துவது புண்ணில் விரலை வைப்பது. அந்தக் கோபத்தைப் பேசவிட வேண்டும்.

தியானம் எல்லோருக்கும் அல்ல. கடுமையான அதிர்ச்சியை அனுபவித்தவருக்குக் கண்மூடி உள்ளே கவனிக்கும்போது அந்தக் காட்சிகள் மீண்டெழலாம். மனச்சிதைவு வரலாறு உள்ளவர் நாட்கணக்கில் மௌனமாக இருக்கும் முகாம்களைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்குக் கண் திறந்து, நடந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்குள் செய்வதே பாதுகாப்பு.

மூச்சுப்பயிற்சி எளிது: மூக்கு வழியே 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சு மெதுவாக வேண்டும், பெரிதாக வேண்டாம். "ஆழமாக இழு" என்றதும் நெஞ்சு நிறைய இழுத்தால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி கூசும். பதற்றம் வரப்போகிறது என்று நினைத்து இன்னும் இழுப்பார், இன்னும் கூடும். கூசத் தொடங்கினால் பயிற்சியை விட்டு இயல்பாக மூச்சு விடுங்கள், அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.

ஓடைக்கல்:

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. கடைசியாக ஒன்று. பிஹெச்க்யூ-9 மதிப்பெண் 10-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் அவர் மருத்துவரிடம் வர மறுக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

செங்காந்தள்:

"உனக்கு மனசு சரியில்லை" என்று தொடங்காதீர்கள். அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லையிலிருந்து தொடங்குங்கள்: தூக்கம், களைப்பு, உடம்பு வலி, பசியின்மை. "இந்தத் தூக்கத்துக்கு ஒரு தடவை பார்த்துடலாம்" என்றால் வருவார். முதலில் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றில்லை, பொது மருத்துவர் போதும். நேரத்தை நீங்களே வாங்கி, கூடவே போங்கள். சோர்ந்தவருக்குப் போன் எடுத்துப் பேசுவதே மலை.

சாகும் எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் எப்படி என்று யோசித்திருக்கிறாரா, வழி கையில் இருக்கிறதா, நாள் குறித்திருக்கிறாரா என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். திட்டம் இருந்தால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரை, கயிறு எதுவோ அதை வீட்டிலிருந்தே அகற்றுங்கள், அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். அந்த உச்சம் பல நேரம் குறுகியது. வழி கைக்கு எட்டாமல் இருந்தால் கடந்துபோக வாய்ப்பு மிக அதிகம்.

மாத்திரை தொடங்கினால் மனநிலையில் மாற்றம் தெரியக் குறைந்தது இரண்டு வாரம், பலருக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டல் போன்ற பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வரும், பலன் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்துகிறார்கள். இளவயதினரை முதல் வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள், பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று சட்டென நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல், மின்னல் பாய்வது போன்ற உணர்வு வரும், அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் பாதி மறந்துவிடும். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, தூக்கம் எத்தனை மணி, எடை கூடியதா குறைந்ததா, எந்த வேலைகள் நின்றுபோயின, குடும்பத்தில் யாருக்காவது இது போல இருந்ததா. இதற்கு முன் எப்போதாவது பல நாட்கள் தூங்காமலே அதீத உற்சாகமாக, பணத்தை வாரி இறைத்து, நிறுத்தாமல் பேசியிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். இருமுனைக் கோளாறு இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த உச்சத்துக்குத் தள்ளிவிடலாம். எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரையின் பெயரும் வேண்டும், தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரை, மூலிகை மருந்து உட்பட. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் அளவு ஆபத்தாக ஏறக்கூடும், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.